படகுத் திரைக்கு எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய மோட்டார் படகு வாங்குவோருக்கு நீங்கள் வெளியிட்ட குறிப்புகளைப் படித்தேன். எஞ்சின், அடிப்பகுதி, காப்புறுதி எல்லாம் சரி. ஆனால் மழையும் குளிர்காற்றும் உள்ளே வராமல் சுற்றிவர அடிக்கிற கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் திரையைப் பற்றி, மலிவாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மே மாதத்திலும் செப்டெம்பர் கடைசியிலும் ஸ்காபரோ புளஃபர்ஸ் பார்க்கிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்குள் போய் வந்தவர்களைக் கேளுங்கள், அந்தத் திரை இல்லாமல் மேல்தட்டில் நின்று படகு ஓட்டுவது என்ன பாடு என்று சொல்வார்கள்.

40 அடிப் படகுக்கு மேல்தட்டும் பின்தட்டும் சேர்த்துப் புதிதாகத் தைக்கக் கொடுத்தால் பல ஆயிரம் டொலர் போய்விடும். அதைக் கேட்டுத் தலை சுற்றியதும் ஆகக் குறைந்த விலை சொன்னவரிடம் ஓடுகிறோம், அங்கேதான் பிழை விடுகிறோம். குறைந்த விலையில் முடிக்க வழி இருக்கிறது, ஆனால் அது எல்லாப் பக்கமும் மட்டமான பிளாஸ்டிக் போடுவதில்லை.

முதலில், ஏற்கெனவே இருப்பதை ஒழுங்காகப் பாருங்கள். பழைய திரையின் மேல் விளிம்பில், வெயில் நன்றாகப் படுகிற தையலை நகத்தால் சுரண்டுங்கள். நூல் பஞ்சுபஞ்சாக வந்தால் அது செத்துவிட்டது. துணியும் ஸிப்பும் நன்றாக இருந்து நூல் மட்டும் போயிருந்தால் திரும்பத் தைத்தாலே போதும், பிளாஸ்டிக் மட்டும் மங்கியிருந்தால் அதை வெட்டி எடுத்துப் புதியதை வைத்துத் தைக்கலாம். இது புதிதாகச் செய்வதைவிட எவ்வளவோ மலிவு, ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார்.

புதிதாகத்தான் செய்ய வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கில் மூன்று தரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுருளாக வரும் சாதாரண வினைல் ஆக மலிவு, ஆனால் அதனூடாகப் பார்த்தால் எல்லாம் கொஞ்சம் நெளியும். ஸ்ட்ராட்டாகிளாஸ் போன்றவை அழுத்தி மெருகேற்றித் தட்டையான தாளாக வருகின்றன, பார்வை தெளிவு, கீறல் படாமல் மேலே ஒரு பூச்சும் உண்டு, விலையும் அதற்கேற்ற மாதிரி. அதற்கும் மேலே அக்ரிலிக், பொலிகார்பனேட் என்று விறைப்பான பலகைகள். பார்க்க உண்மையான கண்ணாடி மாதிரியே இருக்கும், ஆனால் வெயில் வந்தால் சுருட்டி மேலே கட்ட முடியாது, கழற்றினால் தட்டையாக வைக்க இடம் வேண்டும், நம்மில் எத்தனை பேருடைய படகில் அந்த இடம் இருக்கிறது?

நான் சொல்வது இதுதான். படகை ஓட்டுகிறவருக்கு முன்னால் வரும் இரண்டு மூன்று துண்டுக்கு மட்டும் நல்ல தாள், 40 மில், அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. பக்கத்துக்கும் பின்னுக்கும் 30 மில் சுருள் வினைல் தாராளம். பின்பக்கம் கொஞ்சம் நெளிந்து தெரிந்தால் யாருக்கு என்ன நட்டம்? முன்னால் நெளிந்தால், மாலை நேரத்தில் தண்ணீரில் மிதக்கிற மரக்கட்டை கண்ணில் படாது. அதனால் மொத்தமாக ஒரு விலை கேட்காமல் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

நூலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பொலியெஸ்டர் நூல் வெயிலில் உக்கி, துணிக்கு முன்பே போய்விடும். டெனாரா என்கிற நூல் வெயிலுக்கு அசையாது. நூலாகப் பார்த்தால் விலை பல மடங்கு, மொத்தக் கணக்கில் பார்த்தால் சின்னத் தொகை, ஏனென்றால் காசு போவது நூலுக்கு இல்லை, தைக்கிற கைக்கு. ஸிப் பருமனான பிளாஸ்டிக் பல் உள்ளதாக இருக்கட்டும்.

இணையத்தில் அதே மொடல் படகின் பழைய திரை என்று விற்பார்கள். வாங்காதீர்கள். கூரைச் சட்டமும் பொத்தான்களும் படகுக்குப் படகு கையால் பொருத்தியவை, இரண்டு விரல் தள்ளி இருந்தாலே ஸிப் பூட்டாது. இதே காரணத்தால், படகுக்கு வந்து அளவெடுக்காமல் விலை சொல்கிறவரிடமும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் பராமரிப்பு. இந்த நாட்டுக் குளிரில் வினைல் விறைத்துச் சுருங்கும், அந்த நேரம் மடக்கினால் வெடிக்கும். இலையுதிர்காலத்தில் வெயில் அடிக்கிற ஒரு பின்னேரம் பார்த்துக் கழற்றி, நடுவில் பழைய படுக்கை விரிப்பை வைத்துச் சுருட்டுங்கள், சேலை மாதிரி மடித்து வைத்தால் மடிப்பு நிரந்தரம். வீட்டு ஜன்னல் துடைக்கிற அமோனியா கலந்த திரவமும் பேப்பர் டவலும் கிட்டவே வரக்கூடாது, சாதாரணத் தண்ணீர், கொஞ்சம் மென்சோப்பு, மெல்லிய துணி போதும். சன்ஸ்கிரீனோ நுளம்பு மருந்தோ பூசிய கையோடு தொட்டாலும் கறை விழும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்!

உங்கள் குறிப்பில் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய ஒன்று, எஞ்சின் புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயு. மூன்று பக்கமும் மூடி, பின்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு ஓடினால், எஞ்சின் புகை படகின் பின்னால் சுழன்று உள்ளேயே வரும். ஜெனரேற்றர் போட்டுக்கொண்டு நங்கூரத்தில் நிற்கும்போதும் இதே ஆபத்துதான். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, அதனால் வரும் தலையிடியைப் படகு ஆடுவதால் வந்த மயக்கம் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். ஓடும்போது முன்பக்கத் துண்டையும் கொஞ்சம் திறந்து காற்று முன்னிருந்து பின்னுக்குப் போக விடவேண்டும், படுக்கிற இடத்தில் படகுக்கென்றே செய்த அலாரம் ஒன்று வேண்டும். திரைக்கு ஒதுக்கிய பணத்திலேயே அந்த அலாரத்தையும் சேர்த்து வாங்கச் சொல்லி அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு படகுக்கார வாசகர்,
ஸ்காபரோ