32 எழுத்துகள் குறைந்தவர்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதமும் முழங்கால் எண்ணெயும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. எண்ணெயில் பாதி பார்சல் துணியில்தான் வந்தது. அடுத்த முறை மூடியில் கொஞ்சம் மெழுகு உருக்கி ஊற்றி அனுப்பு. மிச்சமிருந்ததைத் தேய்த்ததில் வலி குறைந்திருக்கிறது, அல்லது குறைந்ததாக நினைத்துக்கொள்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருந்தாய். 'எச்.ஐ.வி. சிலருக்கு ஒட்டவே ஒட்டாதாமே, பிறவியிலேயே அப்படியாமே, நிஜமா?' முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவள் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான், இதே கேள்வியை என்னிடம் வேறொருவர் வேறு மாதிரி கேட்டது நினைவுக்கு வந்தது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிஜம்தான். நியூயார்க்கில் ஸ்டீவன் குரோன் என்று ஓர் ஓவியர் இருந்தார். குடலைப் பாதிக்கும் குரோன் நோய்க்குப் பெயர் தந்த மருத்துவரின் உறவினர். அவருடைய துணைவர் 1982-ல் இறந்துபோனார். அந்த நோய்க்கு எய்ட்ஸ் என்ற பெயர் வந்ததே அந்த வருடம்தான். அதற்குப் பின் பத்துப் பன்னிரண்டு வருடம் குரோன் நண்பர்களின் சாவுக்குப் போய்க்கொண்டே இருந்தார். அவர்கள் வாழ்ந்த மாதிரிதான் அவரும் வாழ்ந்தார், ஆனாலும் அவருக்கு ஒன்றும் வரவில்லை. என்னை எடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று தானாகவே ஆய்வாளர்களிடம் போய் நின்றார். நியூயார்க்கின் ஆரன் டயமண்ட் எய்ட்ஸ் ஆய்வு மையத்தில் அவருடைய வெள்ளணுக்களில் வைரஸை விட்டார்கள். ஏறவில்லை. அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் ஏறவில்லை.

1996-ல் விடை கிடைத்தது. எச்.ஐ.வி. வெள்ளணுவுக்குள் நுழைய அதன் மேற்பரப்பிலுள்ள சி.டி.4 என்ற புரதம் மட்டும் போதாது, பக்கத்திலேயே சி.சி.ஆர்.5 என்ற இன்னொரு புரதத்தையும் பிடித்தாக வேண்டும். குரோனுக்கு அந்தப் புரதத்துக்கான மரபணுவில் 32 எழுத்துகள் இல்லை. இந்தக் குறைக்கு டெல்டா 32 என்று பெயர். நீ பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்திய பாடம்தான் இது: மும்மூன்று எழுத்தாகப் படிக்கிற இடத்தில் 32 போனால் என்ன ஆகும்? மூன்றால் வகுபடாது, அதற்கப்புறம் வருவதெல்லாம் பிறழ்ந்துவிடும். புரதம் அரைகுறையாக நின்றுபோய் அணுவின் மேற்பரப்புக்கே வந்து சேராது. வைரஸ் வருகிறது, பிடிக்க ஒன்றுமில்லை.

இது அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் முழுப் பாதுகாப்பு. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் தொற்று வரும், நோய் முற்றுவதற்கு இரண்டு மூன்று வருடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் வட ஐரோப்பிய வம்சாவளியில் நூற்றுக்கு ஒருவர். ஆப்பிரிக்காவில் கிட்டத்தட்ட இல்லை, நம் நாட்டில் மிக மிக அரிது. வைரஸ் அதிகம் கொன்ற கண்டத்தில் இந்தக் காப்பு இல்லை என்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது?

முழுப் பாதுகாப்பு என்றேன், அதுவும் சரியில்லை. சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற வேறு புரதத்தைப் பிடித்து ஏறுகிற வகையும் உண்டு. அந்த வகையால் டெல்டா 32 இரட்டையாக உள்ளவர்களில் சிலருக்கும் தொற்று வந்திருக்கிறது.

பெர்லின் கதை உனக்குத் தெரிந்திருக்கும். டிமதி ரே பிரவுனுக்கு எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் இருந்தது. மருத்துவர் கெரோ ஹூட்டர், எப்படியும் ரத்தத்தை உண்டாக்குகிற ஸ்டெம் செல்லை மாற்றவேண்டும், தருகிறவர் டெல்டா 32 உள்ளவராக இருந்தால் என்ன என்று யோசித்தார். பொருந்தக்கூடிய கொடையாளிகளை வரிசையாகச் சோதித்ததில் 61-வது ஆள் அகப்பட்டார். 2007-ல் மாற்றினார்கள், புற்றுநோய் திரும்பியதால் 2008-ல் அதே கொடையாளியிடமிருந்து மறுபடியும். வைரஸ் திரும்பவே இல்லை. 2020-ல் அவர் இறந்தது புற்றுநோயால். ஆனால் உயிரைப் பணயம் வைக்கிற சிகிச்சை அது. ஒரு மாத்திரையில் அடங்குகிற நோய்க்கு யாருக்கும் அதைச் செய்யமாட்டார்கள். சீனாவில் ஒருவர் 2018-ல் கருவிலேயே இந்த மரபணுவைத் திருத்தப்போய்ச் சிறைக்குப் போனதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

என்னை அதிகம் பிடித்துக்கொண்டது நைரோபிக் கதைதான். அங்கே பும்வானியில் பாலியல் தொழில் செய்த பெண்களை 1980-களிலிருந்தே ஃபிராங்க் பிளம்மர் என்ற கனடா மருத்துவரும் கென்ய மருத்துவர்களும் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பல வருடம் வைரஸுக்கு நடுவிலேயே இருந்தும் ஒரு சிறு கூட்டத்துக்குத் தொற்று வரவில்லை. டெல்டா 32 அல்ல, அவர்களுடைய டி அணுக்கள், அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள், வைரஸை அடையாளம் கண்டு வைத்திருந்தன. திசு வகை மரபணுக்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றார்கள். ஆனால் அவர்களில் சிலர் தொழிலைக் கொஞ்ச காலம் விட்டுவிட்டுத் திரும்பியபோது தொற்று வந்துவிட்டது! கதவை அடைத்து வைத்த காவல் அல்ல அது, தினமும் காவலுக்கு நின்றால்தான் நிலைக்கும் போலிருக்கிறது.

இனி நான் சொல்லவந்த அம்மாள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த காலத்தில், நெடுஞ்சாலை ஊர் என்பதால் லாரிக்காரர்கள் நிறைய வருவார்கள். ரத்தத்தில் தொற்று உண்டா என்று பார்க்கிற எலிசா தட்டு உனக்குத் தெரியுமே, 96 குழி. கடைசியில் அமிலம் விட்டதும் தொற்று உள்ள குழி மஞ்சளாகிவிடும், இல்லாதது தண்ணீர் போலவே நிற்கும். ஒரு டிரைவருடைய குழி எலுமிச்சைச் சாறு மாதிரி மஞ்சள். பக்கத்துக் குழி அவர் மனைவியுடையது, வெறும் தண்ணீர். கல்யாணமாகி ஒன்பது வருடம், இரண்டு பிள்ளைகள். நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று பயந்து, யாரிடமும் கேட்காமல் அந்த அம்மாளுடைய ரத்தத்தை மட்டும் மறுபடி வைத்தேன். 'நெகட்டிவுக்கு எதற்கு இரண்டாவது கிட்டை வீணாக்கினாய்' என்று வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். இரண்டாவது முறையும் தண்ணீர்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மஞ்சள் பையில் பழைய ரிப்போர்ட்டுகளோடு வருவார். புருஷன் 2001-ல் போய்விட்டார். எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக வந்தது 2004-ல்தான். கருமாதி முடிந்த மாதம் வந்து உட்கார்ந்து, 'எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?' என்று கேட்டார். நான் சந்தோஷமான கேள்வி என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் சொன்னார். மாமியார் வீட்டில், 'புருஷனை அண்டவிட்டிருந்தால் இவளுக்கும் வந்திருக்காதா' என்று கேட்கிறார்களாம். தொற்று இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைத்தான் அவர்கள் சாட்சியாக வைத்திருந்தார்கள்.

அவருக்கு டெல்டா 32 இருந்திருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை. ஒரு முறை சேர்க்கையில் தொற்றுகிற வாய்ப்பே நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு, புருஷனோ வருடத்தில் பாதி நாள் லாரியில். இதையெல்லாம் அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 'உங்கள்மேல் தப்பில்லை அம்மா' என்றேன். அது அவர் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை.

குரோன் 2013-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார், வசந்தா. 66 வயது. காரணம் இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த மஞ்சள் பைதான் கண்ணில் வந்தது.

மார்கழியில் நீயும் வீட்டுக்காரரும் வருவதாக எழுதியிருந்தாய். தேதியைச் சீக்கிரம் எழுது, மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லவேண்டும். எண்ணெய் பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன்.

உன்,
கோமதி