பாதி விளையாட்டு காகிதத்தில் இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய திகில் கேம்களையும் ரோல்-பிளேயிங் கேம்களையும் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை இரண்டு விஷயங்களைச் சொன்னது. அந்தக் காலத்துப் படங்கள் கரடுமுரடானவை என்பது ஒன்று. இன்று எல்லாமே இணையத்தில் சும்மா கிடைக்கின்றன என்பது இன்னொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவதை நம்பி யாரும் பரணில் கிடக்கும் பழைய பெட்டியைக் காயலான் கடையில் போட்டுவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

1981-இல் ஆப்பிள் டூ கணினிக்கு வந்த 'விசார்ட்ரி' என்ற ரோல்-பிளேயிங் கேமை எடுத்துக்கொள்வோம். பாதாளச் சுரங்கம் மொத்தம் 10 தளங்கள்; ஒவ்வொன்றும் 20-க்கு 20 கட்டங்கள். திரையின் ஒரு மூலையில் சுவர்களைக் கோடுகளாகக் காட்டும், அவ்வளவுதான். வரைபடம் கிடையாது, ஆடுபவர்தான் கிராஃப் தாளில் பென்சிலால் வரைய வேண்டும். இதற்கு ஒரு முறை உண்டு. முதல் தளத்துக்கு இறங்கி வரும் மாடிப்படி இருக்கும் கட்டம் கீழ் இடது மூலை. அதைக் கிழக்கு 0, வடக்கு 0 என்று குறித்துக்கொண்டு தொடங்க வேண்டும். சுவர்கள் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருப்பதால் கட்டத்தை நிரப்பாமல் கோட்டின் மேல் அழுத்தி வரைய வேண்டும். கிழக்கு ஓரத்தில் வெளியேறினால் மேற்கு ஓரத்தில் நுழைவீர்கள். அது தெரியாதவருக்குத் தாள் போதாமல் போகும். எல்லாவற்றையும்விட மோசம், கால் வைத்ததும் சத்தமில்லாமல் உங்களைத் திருப்பிவிடும் கட்டம். வடக்கு என்று நினைத்து வரைந்துகொண்டே போவீர்கள்; உண்மையில் போவது கிழக்கு. சந்தேகம் வந்த இடத்தில் 'டுமாபிக்' மந்திரத்தைப் போட்டால் படியிலிருந்து எத்தனை கட்டம் கிழக்கே, எத்தனை வடக்கே, எத்தனை தளம் கீழே, முகம் எந்தத் திசை என்று சொல்லிவிடும். மந்திரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பத்து கட்டம் தள்ளிப் போட்டால் அந்தப் பத்தையும் அழித்து வரைய வேண்டியதுதான்.

படம் கரடுமுரடு என்ற பேச்சு இங்கே எடுபடாது. பயம் படத்தில் இல்லை. பாத்திரம் செத்தால் சாவு உடனே ஃபிளாப்பியில், அதாவது கேம் இருக்கும் காந்த வட்டில், எழுதப்பட்டுவிடும். கோயிலில் பணம் கட்டி உயிர்ப்பிக்கலாம். அது பலிக்காவிட்டால் உடல் சாம்பலாகும், சாம்பலும் எழாவிட்டால் பெயரே பட்டியலிலிருந்து போய்விடும். ஆறு பேரும் உள்ளே மாண்டால் புதிய குழுவைச் சேர்த்து அனுப்பித்தான் சடலங்களைத் தூக்கி வர முடியும். சாவு எழுதப்படுவதற்குள் ஃபிளாப்பியை உருவிவிடுவது ஊரறிந்த தந்திரம். ஃபிளாப்பி கெட்டுப்போகவும் அதுவே சிறந்த வழி.

அடுத்து, கட்டுரை தொடவே தொடாத காகிதம். 1988-இல் எஸ்எஸ்ஐ நிறுவனம் வெளியிட்ட 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' பெட்டியில் ஃபிளாப்பிகளோடு ஒரு குறிப்பேடும், ஒன்றன்மேல் ஒன்று சுழலும் அட்டைச் சக்கரமும் இருந்தன. அன்றைய சாதாரண ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியில் 360 கேபிதான் கொள்ளும். நீண்ட உரையாடலுக்கும் கடிதத்துக்கும் அதில் இடமில்லை. அதனால் குறிப்பேட்டில் இத்தனையாவது பத்தியைப் படி என்று மட்டும் திரை சொல்லும்; கதை காகிதத்தில் இருக்கும். முன்கூட்டியே புரட்டிப் படிப்பவர்களை ஏமாற்றப் பொய்ப் பத்திகளையும் கலந்து வைத்தார்கள். அதே ஆண்டு வந்த 'வேஸ்ட்லேண்ட்' இன்னும் ஒரு படி மேல்: அதன் பத்திப் புத்தகத்தில் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி ஒரு முழுக் கதையே உண்டு. விளையாட்டில் அது எங்கும் வராது.

சக்கரம் நகலெடுப்பவர்களுக்கான பூட்டு. திரையில் காட்டும் இரண்டு விநோத எழுத்துகளைச் சக்கரத்தில் பொருத்தினால் ஒரு சொல் தெரியும். அதைத் தட்டினால்தான் உள்ளே விடும். பர்மா பஜார் நகல்களில் வளர்ந்த தலைமுறைக்கு இந்தச் சக்கரமே தெரிந்திருக்காது. நகலெடுத்தவர்கள் பூட்டை உடைத்துவிட்டார்கள், ஆனால் குறிப்பேட்டைத் தரவில்லை. ஆகவே இந்த கேம்கள் 'கதையே புரியாதவை' என்று இங்கே பெயர் வாங்கியிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. இடம் மிச்சம் பிடிக்க இசையையும் வீடியோவையும் வெட்டி எறிந்த நகல்களும் புழங்கின. அப்படி ஒன்றை ஆடிவிட்டு மூல விளையாட்டைக் குறை சொல்வது நியாயமாகாது.

திகில் கேம்களில் முன்னோடி 1992-இல் பிரான்ஸின் இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்ட 'அலோன் இன் தி டார்க்'. ஃபிரெடரிக் ரேனல் தலைமையில் உருவானது. அன்றைய 286, 386 கணினிகளால் ஒரு வீடு முழுவதையும் முப்பரிமாணத்தில் கணக்கிட்டு வரைய முடியாது. அதனால் அறைகளைக் கையால் தீட்டிய அசையாப் படங்களாக வைத்து, மனிதனையும் பேயையும் மட்டும் சில பலகோணங்களால் ஆக்கினார்கள். கேமரா நகராது, அறையின் ஒரு கோடிக்குப் போனால் வேறு கோணத்துக்குத் தாவும். கதவுக்குப் பின்னால் என்ன என்று எட்டிப் பார்க்கவே முடியாது. இந்தக் குறைதான் அந்த வகைக் கேம்களின் இலக்கணமாயிற்று. 1996-இல் ஜப்பானின் கேப்காம் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த 'ரெசிடென்ட் ஈவில்' வரை அது தொடர்ந்தது. 'அலோன் இன் தி டார்க்' விளையாட்டைப் புதிதாக ஆடுவோருக்கு ஒரு குறிப்பு: பரண் அறையில் தொடங்கியவுடன் அலமாரியை ஜன்னலுக்கு முன்னால் தள்ளுங்கள், பிறகு பெட்டியைத் தரைக்கதவின் மேல் தள்ளுங்கள். தாமதித்தால் இரண்டு வழியாகவும் பேய்கள் வரும். வாசல் கதவைத் திறந்து தப்பிக்க நினைக்காதீர்கள். விளக்குக்கு எண்ணெய் தீரும், தோட்டாவும் தீரும். ஆனால் எந்த நிலையிலும் சேமிக்கலாம். இரண்டும் தீர்ந்த நிலையில் ஒரே கோப்பில் சேமித்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எப்போதும் மூன்று கோப்புகளாவது வையுங்கள்.

இனி, இன்று ஓட்டும் வழி. 64-பிட் விண்டோஸில், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் 16-பிட் நிரல் எதுவும் ஓடாது. பழைய கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரல் தேவை. அது இலவசம். நிறுவியதும் பலர் செய்யாமல் விடும் இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது வேகம். 80-களின் தொடக்கத்து நிரல்கள் பல 4.77 மெகாஹெர்ட்ஸ் கணினியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வேகமான கணினியில் கண் சிமிட்டுவதற்குள் கதை முடியும். டாஸ்பாக்ஸில் 'சைக்கிள்ஸ்' என்ற எண்ணை அந்த வகைக்கு ஏறக்குறைய 300, 33 மெகாஹெர்ட்ஸ் 386-க்கு 6,000, 66 மெகாஹெர்ட்ஸ் 486-க்கு 24,000 என்று வைத்துத் தொடங்குங்கள். ஆடும்போதே கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும்.

இரண்டாவது, படத்தின் உயரம். 320-க்கு 200 புள்ளிகள் கொண்ட படம் அன்று 4-க்கு 3 திரையை முழுக்க நிரப்பியது. அதாவது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 20 சதவீதம் உயரமானது. இன்றைய திரையில் அப்படியே காட்டினால் ஆட்கள் குள்ளமாகவும் நிலா முட்டையாகவும் தெரியும். அமைப்புக் கோப்பில் 'ஆஸ்பெக்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் சரியாகும். ஒலிக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம்: விளையாட்டின் செட்டப்பில் சவுண்ட் பிளாஸ்டர், முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுத்தால் டாஸ்பாக்ஸின் இயல்பு அமைப்போடு பொருந்தும். ஐஆர்க்யூ 5 என்று விட்டால் சில கேம்களில் ஒரு நொடி ஒலித்து நின்றுவிடும்.

வீட்டில் ஃபிளாப்பி வைத்திருப்போர் முதலில் அதை டிரைவில் போடாதீர்கள். நம் கடலோர ஊர்களின் ஈரத்தில் வட்டில் பூஞ்சை பிடித்திருக்கும். மூன்றரை அங்குலமானால் வட்டை மூடியிருக்கும் ஷட்டரைத் தள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்து, வட்டை விரலால் சுழற்றி முழுதும் காயவிடுங்கள். அப்படியே போட்டால் அழுக்கு டிரைவின் படிக்கும் தலையில் ஒட்டி, காந்தப் பூச்சைச் சுரண்டும். அடுத்துப் போடும் ஃபிளாப்பியும் போகும். எழுதவிடாமல் தடுப்பதும் முக்கியம். மூன்றரை அங்குலத்தில் துளை திறந்திருந்தால் எழுத முடியாது. ஐந்தேகாலில் நேர்மாறு, ஓரத்து வெட்டை ஒட்டி மூட வேண்டும். 1.44 எம்பி ஃபிளாப்பியின் முழு நகல் சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும். யுஎஸ்பி டிரைவ் மூன்றரை அங்குலத்துக்கு மட்டுமே உதவும், அதிலும் நகலெடுப்பதைத் தடுக்க வேண்டுமென்றே கெட்ட செக்டார் (படிக்க முடியாத பகுதி) வைத்துப் பூட்டிய ஃபிளாப்பிகளை நகலெடுக்காது. அவற்றுக்குப் பழைய டிரைவோடு கிரீஸ்வீசல் போன்ற மின்சுற்றுப் பலகையை இணைத்துக் காந்த மாற்றங்களையே பதிவுசெய்ய வேண்டும். சிடியாக இருந்தால் ஐஎஸ்ஓ கோப்பு போதாது. இசைத் தடங்கள் அதில் வராது. 'பின்' (.bin), 'க்யூ' (.cue) என்ற இரட்டைக் கோப்பாக எடுங்கள்.

சும்மா கிடைக்கிறது என்பதற்கு வருகிறேன். உரிமையாளர்களே இலவசமாக விட்டவை உண்டு: பெதஸ்டா நிறுவனம் 2004-இல் 'அரீனா'வையும் 2009-இல் 'டாகர்ஃபால்' விளையாட்டையும் விட்டது. 'அல்டிமா 4' கூட அப்படியே கிடைக்கிறது. மற்றவை பழசாகிவிட்டதாலேயே பொதுச் சொத்தாகிவிடவில்லை. நீங்கள் முறையாக வாங்கியதைக் காப்பு நகல் எடுக்க 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை ஊருக்குப் பகிர இடம் தரவில்லை.

பெட்டியில் சக்கரம் இருந்தால் ஸ்கேன் எடுக்கிறேன் என்று நடு ஆணியைப் பிடுங்காதீர்கள், அட்டை கிழிந்துவிடும். மேசைமேல் வைத்து, கேமராவை நேர் மேலே நிறுத்தி, ஒரு நிலைக்கு ஒரு படமாக முழுச் சுற்றும் எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தூத்துக்குடி