அறிக்கையிலிருந்து அந்தப் பெயரை நீக்கித் தாருங்கள்

பொறியியல் பிரிவுத் தலைமைக்கு வணக்கம்.

வாடிக்கையாளர் தரவு அழிந்து சென்ற மாதம் நம் சேவை முடங்கியதைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. விடியும்வரை நீங்களும் எங்களோடு அழைப்பில் இருந்தீர்கள். நான் எழுதுவது அதற்குப் பிறகு வந்த ஆய்வு அறிக்கையைப் பற்றி. ‘மூலக் காரணம்’ என்ற கட்டத்தில் ‘மனிதத் தவறு’ என்று இரண்டே சொற்கள். பக்கத்தில் ஒரு பெயர். வேலையில் சேர்ந்து எட்டு மாதமே ஆன, எங்கள் குழுவிலேயே இளையவரின் பெயர். அந்த அறிக்கை நிறுவனத்தில் எல்லோருக்கும் மின்னஞ்சலில் போயிருக்கிறது.

அந்தப் பெயரை நீக்கித் தாருங்கள். நேரில் இரண்டு முறை கேட்டேன். ‘நடைமுறை அப்படி’ என்று பதில் வந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அவர் எனக்கு எதிர் மேசையில் அமர்கிறார். போன வாரம் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டு, இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையில் இருந்த வரியை உதடு அசைய, எழுத்தெழுத்தாகப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “அக்கா, என்டர் தட்டுவதற்கு முன் நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுகிறீர்களா?” என்றார். எழுந்து போய்ப் பார்த்தேன். கோப்புகளின் பட்டியலைக் காட்டச் சொல்லும் கட்டளை அது. ஆயிரம் முறை தட்டினாலும் அதனால் எதையும் அழிக்க முடியாது. இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கை போகவில்லை. சேர்ந்த இரண்டாம் வாரத்திலேயே, நான் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடித்துத் தயங்காமல் வந்து சொன்னவர் இவர். இப்போது காலைக் கூட்டத்தில், “நேற்றைய வேலையைத் தொடர்கிறேன்” என்ற ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்.

முடக்கம் நேர்ந்த அன்று காலை ஒன்பது மணிக்கு வந்தவர், இரவு ஒன்றரைக்கும் திரை முன் இருந்தார். கோளாறு வந்தால் உடனே கவனிக்கும் ஆன்-கால் முறையில் அவர் ஒருவர்தான். சோதனைச் சர்வருக்கு ஒரு டெர்மினல் (கட்டளை தட்டும் சாளரம்), வாடிக்கையாளர் தரவு இருக்கும் சர்வருக்கு இன்னொன்று. இரண்டிலும் கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. சர்வர் பெயர்களில் கடைசி இலக்கம் மட்டுமே வேறு. அழிக்கும் கட்டளை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றில் விழுந்தது. ‘உறுதியா?’ என்றுகூடக் கேட்காமல் சர்வர் அதை நிறைவேற்றியது.

அந்தப் பெயர்களை வைத்தவர்களில் நானும் ஒருத்தி. வாடிக்கையாளர் சர்வரின் டெர்மினலுக்குச் சிவப்புப் பின்னணி வேண்டும் என்று பதினோரு மாதங்களுக்கு முன் பணிப்பட்டியலில் எழுதி வைத்தேன். ‘அவசரமில்லை’ என்று குறித்து அதைக் கீழே தள்ளினார்கள்; நானும் வற்புறுத்தவில்லை. அறிக்கையில் என் பெயர் இல்லை. தள்ளியவர்களின் பெயர் இல்லை. எட்டு மாதப் பொறியாளரிடம் அழிக்கும் உரிமையைக் கொடுத்து, இரவில் தனியாக உட்கார வைத்தவர்களின் பெயரும் இல்லை. யாருடைய பெயரும் வேண்டாம் என்பதே என் கட்சி.

இரண்டாம் உலகப் போரின்போது பி-17 விமானங்களைத் தரையிறக்கிய பிறகு, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற மடிப்பலகையை மடக்குவதற்குப் பதில் சக்கரங்களை மடக்கிவிட்ட விமானிகள் உண்டு. ‘விமானியின் தவறு’ என்றே அதற்குப் பெயர். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையைப் பார்த்தபோது, இரண்டு சுவிட்சுகளும் ஒரே மாதிரியாக, அருகருகே இருந்தன. கை தொட்டாலே வேறுபாடு தெரியும்படி ஒன்றில் சக்கர வடிவத்தையும் மற்றதில் ஃபிளாப் வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். நான் கேட்ட சிவப்புப் பின்னணி அவ்வளவுதான்.

எங்கள் தொழிலிலேயே சான்று இருக்கிறது. 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையதளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுத்தளத்தை அழிக்கத் தொடங்கினார். உணர்ந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. நிறுவனம் மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. ஆய்வு அறிக்கையையும் உலகத்தின் முன் வைத்தது. அந்த அறிக்கையில் அவருடைய பெயர் இல்லை. பெயரோடு நின்றுவிடாததால்தான் அவர்கள் மேலும் தோண்டினார்கள். மென்பொருள் பதிப்புப் பொருந்தாமல், பேக்கப் (காப்பு நகல்) எடுக்கும் வேலை சத்தமின்றித் தோற்றுக்கொண்டிருந்ததும், அதை எச்சரிக்க வேண்டிய மின்னஞ்சல்களே போய்ச் சேராமல் இருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தன. நம் அறிக்கையோ, பெயர் கிடைத்ததும் நின்றுவிட்டது. நம் பேக்கப் ஏன் ஆறு மணி நேரம் பழையதாக இருந்தது என்ற கேள்வியே அதில் இல்லை.

விளைவு இதற்குள் தெரிகிறது. அறிக்கை வந்த மறுவாரம் மற்றொரு குழுவில் ஒருவர் அமைப்புக் கோப்பு ஒன்றைத் தவறாக மாற்றி, இரவோடு இரவாகச் சரிசெய்து, “யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே ஓட்டை வழியாக நாளை இன்னொருவர் விழுவார். அப்போதும் உங்களுக்கு ஒரு பெயர் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முடக்கத்துக்குப் பிறகு எங்களுக்கு உதவியாக நான்கு பேரை அனுப்பினீர்கள். ஆறு பேர் பத்துப் பேர் ஆனோம். ஆறு பேருக்குள் பேச்சு நடக்க வேண்டிய இணைகள் 15. பத்துப் பேருக்குள் 45. கெடு மட்டும் மாறவில்லை. வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதிலேயே பகல் போகிறது, எங்கள் வேலைக்கு இரவுதான் மிச்சம். தீயை அணைத்தவருக்கு மேடையில் விருது கொடுக்கிறீர்கள். தீப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டவரை உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆட்களைக் கேட்டோமா? நேரம்தானே கேட்டோம்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்க வந்தது ஒன்று. அறிக்கையிலிருந்து அந்தப் பெயரை நீக்குங்கள். திருத்திய அறிக்கையை, முதல் அறிக்கை போன அதே எல்லோருக்கும் அனுப்புங்கள். ஆய்வுக் கூட்டத்தைத் தயவுசெய்து மறுபடியும் கூட்டுங்கள். சர்வர் பெயர்களைப் பற்றியும் பின்னணி நிறத்தைப் பற்றியும் பேச நான் முதல் ஆளாக வருகிறேன்.

வரும் திங்கள் முதல் அவர் மீண்டும் ஆன்-கால் முறையில் இருக்கிறார். அந்த வாரம் முழுவதும் இரவில் நான் கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். திங்களுக்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
அதே குழுவின் மூத்த பொறியாளர்