புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து வேறு நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் நம் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள். சிலருடைய பெற்றோர் வேலைக்காக வந்தவர்கள், சிலர் போருக்குத் தப்பி வந்தவர்கள். கொஞ்ச நாளாகவே அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடும் பேச்சும் பெரும்பாலும் இவர்களைப் பற்றித்தான். ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

அதிகம் பேர் கேட்டது இது: மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எதுவுமில்லாமல் எப்படிச் சேர்த்துக்கொண்டீர்கள்? நியாயமான கேள்விதான். உங்களிடம் ஒரு நகல் குறைந்தால்கூட மறுநாள் வரச் சொல்கிறவர்கள் நாங்கள். ஆனால் இரவோடு இரவாக வீட்டை விட்டு ஓடிய குடும்பம் பிள்ளையைத் தூக்குமா, கோப்பைத் தேடுமா? 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியில் அகதிகளைச் சொந்த நாட்டவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. 1989ஆம் ஆண்டு குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பெற்றோர் யாராக இருந்தாலும் பிள்ளையிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆகவே அகதியின் பிள்ளை, வேலைக்கு வந்தவரின் பிள்ளை என்று பள்ளி பிரித்துப் பார்க்கப் போவதில்லை. அந்த வேறுபாடு சட்டத்துக்கும் அதிகாரிகளுக்கும் தேவை, கணக்கு வகுப்புக்குத் தேவையில்லை.

வகுப்பில் ஒட்டியிருக்கும் பிறந்தநாள் பட்டியலைப் பார்த்துவிட்டு, இத்தனை பேருக்கு ஜனவரி 1 எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாதவர்களுக்கு அதிகாரிகள் ஜனவரி 1 என்று எழுதிவிடுவது பல நாடுகளில் நடப்பதுதான். அதில் மோசடி எதுவுமில்லை. உண்மையான பிறந்தநாள் தெரிந்த பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியர் அந்த நாளிலேயே வாழ்த்துச் சொல்வார்.

“எல்லை தாண்டி அனுமதியில்லாமல் வந்தவர்கள் ஆயிற்றே” என்றும் ஒரு கேள்வி. அதே அகதிகள் ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவைப் பாருங்கள். உயிருக்கு ஆபத்தான இடத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய் நின்று காரணத்தைச் சொல்கிற அகதியை, அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. “உலகமே இங்கேதான் வருகிறது” என்பவர்களுக்கு ஐ.நா. அகதிகள் முகமையின் 2024 இறுதிக் கணக்கைச் சொல்கிறேன். வன்முறையாலும் அடக்குமுறையாலும் இடம்பெயர்ந்தவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர். இதில் 7 கோடியே 35 லட்சம் பேர் தங்கள் நாட்டு எல்லையையே தாண்டவில்லை. தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டோடு நின்றுவிடுகிறார்கள். இடம்பெயர்ந்தவர்களில் நூற்றுக்கு 40 பேர் 18 வயது நிரம்பாதவர்கள். அகதிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பள்ளியே கிடைப்பதில்லை. நம்மிடம் வந்திருப்பவர்கள் அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள்.

சரி, உங்கள் உண்மையான கவலைக்கு வருகிறேன். என் பிள்ளையின் படிப்பு கெடுமா? சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: முதல் சில மாதங்கள் ஆசிரியர்களுக்குக் கடினமாகத்தான் இருக்கும். மொழி புரியாத பிள்ளை வகுப்பில் இருந்தால் ஆசிரியரின் நேரம் கொஞ்சம் அங்கே போகும். அதனால்தான் அவர்களுக்குத் தினமும் ஒரு பாடவேளை தனியாக மொழி வகுப்பு வைத்திருக்கிறோம். மற்ற நேரம் முழுக்க அவர்கள் தங்கள் வயதுக்குரிய வகுப்பில்தான் இருப்பார்கள். மொழி வரும்வரை கீழ்வகுப்பில் போடுங்கள் என்று ஒரு யோசனை வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் மொழி வருகிறதோ இல்லையோ, அவமானம் கட்டாயம் வரும்.

மொழி கற்பது பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். புது நாட்டில் ஒரு பிள்ளை அன்றாடப் பேச்சைப் பிடித்துக்கொள்ளச் சுமார் 2 ஆண்டுகள் போதும்; பாடப்புத்தக மொழியில் சக மாணவர்களை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம் என்றார். விளையாட்டுத் திடலில் சரளமாகக் கத்துகிற பிள்ளை அறிவியல் தேர்வில் வெற்றுத்தாள் கொடுத்தால் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதை ஆசிரியர்களுக்கும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். தொடக்கத்தில் வாயே திறக்காத பிள்ளைகளும் உண்டு. வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில்கூடப் பேசமாட்டார்கள். காது மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். அவர்களைப் பேசச் சொல்லி நெருக்க வேண்டாம் என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கணக்கில் வேறொரு வேடிக்கை. பல நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுகிறார்கள். வகுத்தல் கணக்கை எழுதும் முறையும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அரபு எழுத்தில் படித்த பிள்ளை நோட்டைப் பின்பக்கத்திலிருந்து தொடங்கும். விடை சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. “அவனுக்கு மட்டும் எப்படி?” என்று உங்கள் பிள்ளை வீட்டில் வந்து கேட்டால் இதுதான் காரணம்.

இந்தக் கடிதத்தில் உங்களிடம் நான் கேட்பது முக்கியமாக ஒன்றே ஒன்று. இந்தப் பிள்ளைகளிடம் கதை கேட்காதீர்கள். “அங்கே என்ன நடந்தது? அப்பா எங்கே? படகிலா வந்தீர்கள்?” அன்பாகத்தான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் பள்ளி வாசலில் நிற்கிற ஒவ்வொருவரும் அன்பாகக் கேட்டால் அந்தப் பிள்ளை ஒரே நாளில் அதே துயரத்தைப் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும். அதுவே சொல்ல விரும்பினால் சொல்லும், அப்போது கேளுங்கள். இங்கே அதற்கு வேண்டியது சாதாரண நாள்: மணி அடிக்கும், பாடம் நடக்கும், வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் திட்டு விழும். ஆமாம், திட்டும் விழும். பாவம் என்று விட்டுவிடுவதும் ஒருவகையில் ஒதுக்குவதுதான்.

இதற்காகச் சில ஏற்பாடுகளை மாற்றியிருக்கிறோம். தீ விபத்துப் பயிற்சிக்கான அபாய மணியை முன்னறிவிப்பில்லாமல் அடிக்க மாட்டோம். திடீர்ச் சத்தம் சில பிள்ளைகளை மேசைக்கு அடியில் ஒளிய வைக்கும். “என் குடும்ப மரம்”, “என் சிறுவயதுப் புகைப்படம்” போன்ற வீட்டுப்பாடங்களுக்கு மாற்றுத் தலைப்பும் இருக்கும். பெற்றோரை இழந்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் இது உதவும், முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

இவர்களைப் புகைப்படம் எடுத்து எங்கேயும் பகிராதீர்கள். விளையாட்டு விழாவில் உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றாலும் சரி, அனுமதி கேட்காமல் வேண்டாம். சில குடும்பங்களின் உறவினர்கள் இன்னும் ஆபத்தான இடத்திலேயே இருக்கிறார்கள். யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தேடுகிறவர்களின் கையில் அந்தப் படம் கிடைத்துவிடக் கூடாது. துணிமணி, புத்தகப்பை கொடுக்க நினைப்பவர்கள் அலுவலகத்தில் கொடுங்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் கையில் திணித்தால் வாங்குகிற பிள்ளை கூனிக்குறுகிப் போகும்.

இடைவேளையில் ஒரு மாணவன் புதிய மாணவியிடம், “நீங்கள் எப்போது உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போவீர்கள்?” என்று கேட்டிருக்கிறான். அவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவனிடம் பகை எதுவுமில்லை, வீட்டில் காதில் விழுந்ததை அப்படியே கேட்டிருக்கிறான். குடியேற்றக் கொள்கை பற்றி உங்களுக்கு மாறுபட்ட கருத்து இருக்கலாம், அதைப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த வாக்குவாதத்துக்கு ஒன்பது வயதுப் பிள்ளையைப் பதில் சொல்ல வைக்காதீர்கள். இனி இப்படி நடந்தால் வழக்கமான ஒழுங்கு நடவடிக்கை உண்டு. அடித்தால் என்ன நடவடிக்கையோ அதே நடவடிக்கைதான். புதிய பிள்ளைகள் அடித்தாலும் அப்படியே.

புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு: இந்தக் கடிதத்தை உங்கள் மொழிகளில் தரும் ஏற்பாடு நடக்கிறது. வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள். இங்குள்ள மொழி சீக்கிரம் வர வேண்டும் என்று சொந்த மொழியை நிறுத்திவிடுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதில் லாபம் எதுவுமில்லை. ஒரு மொழியில் நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த மொழி எளிதாக வருகிறது. இன்னொன்று, மருத்துவமனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள். பள்ளி நாள் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும், அம்மாவின் நோயைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது அதற்குத் தாங்க முடியாத பாரம். பள்ளிக் கூட்டங்களுக்குப் பெரியவர் ஒருவரையே மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்வோம். எங்கள் நடைமுறை எதுவாவது புரியாவிட்டாலோ பிடிக்காவிட்டாலோ வந்து சொல்லுங்கள். விருந்தாளி மாதிரி தயங்கி நிற்க வேண்டாம், கட்டணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் குறை சொல்லும் உரிமை இங்கே எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. (கட்டணத்திலும் சொல்கிறார்கள்.)

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நாற்காலிகளை வகுப்புவாரியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தவர்களோடு சேர்ந்து உட்காரும் வழக்கத்தை அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள். வேறு மொழி அறிந்தவர்கள் கூட்டங்களில் மொழிபெயர்க்க முன்வந்தால், எந்த மொழி, எந்த நேரம் வசதிப்படும் என்று எழுதி இந்த வாரத்துக்குள் அலுவலகத்தில் கொடுங்கள். மாலை நேரத்தில் வரக்கூடியவர்கள்தான் அதிகம் தேவை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்