தூரத்தை எங்களுக்கே விட்டுவிடுங்கள்: மாட்பேக் தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மைன்கிராஃப்டுக்கு மாட்பேக் தொகுத்து வெளியிடும் நண்பர்களுக்கு,

வணக்கம். மைன்கிராஃப்ட் ஆட்டத்தோடு மாட்கள் என்ற கூடுதல் நிரல்களைப் பல சேர்த்துக் கட்டும் மாட்பேக்குகளில், ஊர் சுற்றலும் மந்திரமும் கலந்த தொகுப்புகளைப் பல வருடங்களாக ஆடிவருபவன் நான். இயந்திரம் கட்டும் தொகுப்புகளையும் ஆடியிருக்கிறேன். ஆனால் திரும்பத் திரும்ப வந்து சேர்வது இந்த வகைக்குத்தான். அதனால் இந்த மடலும் இந்த வகையைத் தொகுப்பவர்களுக்குத்தான்.

சென்ற மாதம் புதிதாக ஒரு தொகுப்பை இறக்கினேன். உலகத்தில் கால் வைத்ததுமே திரையின் மூலையில் சுற்றுப்புறத்தைக் காட்டும் மினிமேப். பையில் வீட்டுக்குத் திரும்ப ஒரு டெலிபோர்ட் சுருள், ஒரு நல்ல வாள். செய்யவேண்டிய பணிகளைப் பட்டியலிடும் குவெஸ்ட் புத்தகத்தில் நூற்றுக்கணக்கான கட்டங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் 11 கோட்டைகளைப் பார்த்துவிட்டேன். அவற்றில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. ஆனால் மைன்கிராஃப்டின் 1.7.10 பதிப்பு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், தாம்கிராஃப்ட் 4 என்ற மந்திர மாட் இருந்த ஒரு தொகுப்பில், 3 மலை தாண்டிக் கண்ட ஒரு சில்வர்வுட் மரத்தை மறக்கவே முடியவில்லை. அது எங்கே நின்றது, பக்கத்து ஓடை எந்தப் பக்கம் வளைந்தது என்று இன்றைக்கும் வரைந்து காட்டுவேன்.

அந்த மரம் மனதில் நின்றதற்குக் காரணம் உண்டு. தாம்கிராஃப்ட் 4-இல் மந்திரக்கோலில் உள்ள விஸ் என்ற மந்திர ஆற்றல் தீர்ந்தால் உலகத்தில் எங்கோ மிதக்கும் ஆரா நோடு என்ற ஆற்றல் ஊற்று ஒன்றைத் தேடிப்போய், அதிலிருந்து இழுத்து நிரப்ப வேண்டும். ஏர், டெர்ரா, இக்னிஸ், அக்வா, ஆர்டோ, பெர்டிட்டியோ என்று 6 மூல அம்சங்கள். ஒவ்வொரு நோடிலும் வேறு வேறு கலவை. நெருப்புக்கு ஒரு இடம், நீருக்கு ஒரு இடம் என்று நாமே மனதுக்குள் ஒரு வரைபடம் போட்டுக்கொள்வோம். சில்வர்வுட் மரத்துக்குள் தூய நோடு இருக்கும் என்பதால் தொலைவில் அந்த வெளிறிய மரம் தெரிந்தாலே நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும். அதுமட்டுமல்ல, தாமோமீட்டர் என்ற ஆய்வுக் கருவியை எடுத்துக்கொண்டு கண்ணில் படும் கல், பூ, விலங்கு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தால்தான் ஆராய்ச்சிக்கு வேண்டிய புள்ளிகள் சேரும். நடந்தால்தான் மந்திரம் வளரும், மந்திரம் வளர்ந்தால்தான் இன்னும் தூரம் போக முடியும். அசனோர் என்ற பெயரில் எழுதிய அந்த மாடர் இரண்டையும் ஒரே கயிறாகத் திரித்துவைத்திருந்தார்.

நான் கேட்பது அந்தக் கயிற்றைப் பிரித்துவிடாதீர்கள் என்பதைத்தான்.

நல்ல மந்திர மாட்கள் எல்லாமே இடத்தோடு பிணைந்தவை. அஸ்ட்ரல் சோர்சரியைப் பாருங்கள். அதில் நட்சத்திர ஒளிதான் எரிபொருள். இரவில்தான் அது நன்றாகச் சேரும், உயரமான இடத்தில் இன்னும் நன்றாகச் சேரும். ஒரு முறை பலிபீடத்தை வசதியாக வீட்டுப் பின்புறப் பள்ளத்தில் வைத்துவிட்டு, ஏன் ஒளியே ஏறமாட்டேன் என்கிறது என்று இரண்டு நாள் குழம்பினேன். அப்புறம் எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு ஒரு மலை உச்சிக்குக் குடிபோனேன். ஏற ஒரு படிக்கட்டு, உச்சியில் ஒரு பளிங்கு மண்டபம், பக்கத்தில் தொலைநோக்கி. அந்தப் படிக்கட்டைக் கட்டச் சொல்லி எந்தக் குவெஸ்டும் சொல்லவில்லை. மாட் அங்கே போகவைத்தது, நான் போனேன். அந்த உலகத்தில் நான் கட்டியவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இன்னொன்று ட்விலைட் ஃபாரஸ்ட். 2-க்கு 2 குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, சுற்றிலும் பூ நட்டு, ஒரு வைரத்தை எறிந்தால் மின்னல் வெட்டி வேறு உலகத்துக்கான போர்ட்டல் திறக்கும். உள்ளே என்றும் அந்திப்பொழுது. வானத்தை மறைக்கும் மரங்கள். வழி தவறுவதற்கென்றே செய்த காடு அது. ஆனால் அந்தக் காட்டுக்கென்று சொந்தமாக ஒரு மந்திர வரைபடமும் உண்டு. அதற்கு ஒரு காக்கை இறகு வேண்டும், டார்ச்பெர்ரி வேண்டும், கொஞ்சம் குளோஸ்டோன் தூள் வேண்டும். அதாவது காட்டுக்குள் கொஞ்ச நேரம் தொலைந்து திரிந்தவனுக்குத்தான் காடு தன் படத்தைக் கொடுக்கும். நாகா, லிச் என்ற இரண்டு பெரிய எதிரிகளையும் முடிக்காமல் சதுப்புக்குள் போனால் பசி வாட்டித் துரத்தும். இத்தனை யோசித்துச் செய்த ஒரு இடத்தில், முதல் நாளே எல்லாம் தெரியும் மினிமேப்போடு எங்களை இறக்கிவிட்டால் அந்த இறகுக்கு என்ன மதிப்பு?

மினிமேப்பே கூடாது என்று சொல்லவில்லை. வழி கண்டுபிடிப்பதில் சிரமம் உள்ளவர்களுக்கு அது உண்மையிலேயே துணை. இடம் தெரியாமல் ஆட்டத்தையே விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். தொடக்கத்தில் அணைத்து வையுங்கள், வேண்டுமென்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும். கல்லிலிருந்து கல்லுக்கு ஒரே தாவலில் போகவைக்கும் வேஸ்டோன் மாடும் அப்படித்தான். கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் கொஞ்சம் கை வைத்தால் போதும்: தூரத்துக்கேற்ப அனுபவப் புள்ளி செலவாகும்படி வையுங்கள், நாங்கள் நடந்துபோய்த் தொட்ட கல்லுக்கு மட்டுமே திரும்பப் போக முடியும்படி விடுங்கள். ஒரு முறையாவது காலால் கடந்த வழியை அடுத்த முறை தாண்டிப்போவதில் எனக்கு வருத்தமே இல்லை.

அடுத்தது கட்டடங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய தொகுப்புகளில் என்னை மிகவும் சோர்வடையச் செய்வது இதுதான். உலகத்தில் ஒரு வகைக் கட்டடம் எவ்வளவு இடைவெளியில் வரும் என்பதை ஸ்பேசிங் என்ற எண் தீர்மானிக்கிறது. மூல ஆட்டத்தில் கிராமங்களுக்கு அது இப்போது 34 சங்க் (ஒரு சங்க் என்பது 16 பிளாக் அகலமுள்ள நிலத்துண்டு), அதாவது 544 பிளாக். ஓடாமல் நடந்தால் நொடிக்கு 4.3 பிளாக் வீதம் ஏறக்குறைய 2 நிமிடம். அந்த 2 நிமிடத்தில் ஒரு ஆறு வரும், ஒரு காடு முடியும், பொழுது கொஞ்சம் சாயும். அப்புறம் தூரத்தில் ஒரு கூரை தெரியும்போது அது ஒரு நிகழ்ச்சியாக இருக்கும். இப்போது இதே இடைவெளியில் 20 வகைக் கட்டடங்களைச் சேர்க்கிறோம் என்று வையுங்கள். ஒவ்வொரு மாடும் தன் எண்ணை மட்டுமே பார்க்கும், பக்கத்து மாட் என்ன வைக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பயோம், அதாவது காடு, பாலை போன்ற நில வகைக் கட்டுப்பாடுகளை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் சராசரி இடைவெளி 120 பிளாக் அளவுக்குச் சுருங்கிவிடும். அரை நிமிடத்துக்கு ஒரு கட்டடம். கோபுரத்தின் நிழலில் கோட்டை, கோட்டை மதிலை இடித்துக்கொண்டு ஒரு கொள்ளையர் முகாம். பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போகிறது. ஒவ்வொரு கட்டடத்தையும் ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து பிளாக் பிளாக்காக வைத்திருப்பார். அவர் உழைப்புக்கும் இது நியாயமில்லை.

20 வகை வேண்டுமென்றால் தாராளமாக வையுங்கள், ஆனால் ஒவ்வொன்றின் ஸ்பேசிங்கையும் பெருக்குங்கள். டேட்டாபேக் என்ற கூடுதல் கோப்புத் தொகுதி வழியாக மாற்றக்கூடிய எண்தானே அது. 5 நிமிடம் ஒன்றுமே இல்லாத புல்வெளியில் நடக்க எங்களுக்குச் சம்மதம். 1.18 பதிப்பிலிருந்து உலகத்தின் உயரமே 384 பிளாக் ஆகிவிட்டது. அந்த மலைகளும் குகைகளும் வெறுமனே பார்த்துக்கொண்டு நடக்கவே அழகானவை. அவற்றுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

பறக்கும் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலிட்ரா என்ற சிறகை எண்ட் உலகத்துக் கப்பல்வரை போய் எடுத்து வந்தவனுக்கு அது ஒரு விடுதலை. இரண்டாவது நாளில் ஏதோ ஒரு பெட்டியில் சிறகு கிடைத்தால், அதுவரை மலையாக இருந்தது அப்புறம் வெறும் மேடுதான்.

சரி, குவெஸ்ட் புத்தகத்துக்கு வருகிறேன். உங்களில் பலர் அதில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் தயங்கித்தான் சொல்கிறேன். "8 மரக்கட்டை எடு", "ஒரு மேசை செய்" என்று தொடங்கி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு டிக், ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு பரிசுப் பெட்டி. பத்தாவது பெட்டியைத் திறக்கும்போதே நான் உலகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பூக்களால் மந்திரம் செய்யும் பொடானியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வாஸ்கி செய்த அந்த மாட், மானா என்ற மந்திர ஆற்றல் எவ்வளவு இருக்கிறது என்பதை எண்ணாகக்கூடக் காட்டாது. குளத்தில் எவ்வளவு ததும்புகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 16 நிறப் பூக்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஒரு ப்யூர் டெய்சியை நட்டு, அதைச் சுற்றிக் கல்லை வைத்துக் காத்திருந்தால் கல் மெல்ல லிவிங்ராக் என்ற மந்திரக் கல்லாக மாறும். முதல் முறை அது மாறியபோது வீட்டில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தக் காத்திருப்பின்மேல் "ப்யூர் டெய்சி செய், பரிசு 5 வைரம்" என்று ஒரு கட்டம் வந்து உட்கார்ந்தால், மாடின் சொந்தக் குரல் கேட்காமல் போகிறது. லெக்சிகா பொடானியாவும் தாமோனோமிக்கானும் அழகாக எழுதப்பட்ட கையேடுகள். ஒரு மாட் இருக்கிறது என்பதை மட்டும் குவெஸ்ட் சொல்லட்டும், மற்றதை அந்தக் கையேடு சொல்லிக்கொள்ளும். "வடக்கே பனி தொடங்கும் இடத்தில் யாரோ விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள்" என்று ஒற்றை வரி எழுதிப் பாருங்கள். எத்தனை பேர் வடக்கே கிளம்பிவிடுகிறோம் என்று தெரியும்.

இப்போது என் மனக்குறை ஒன்று. தொகுப்பின் பெயரைச் சொல்லமாட்டேன். ஆறு மாதம் ஓடிய உலகம். ஏரிக்கரையில் பொடானியாத் தோட்டம், அதன் பின்னால் ஒரு நூலகம். ஒரு நாள் புதிய பதிப்பு வந்தது, பொத்தானை அழுத்தினேன். உலகத்தைத் திறக்கும்போது சில பிளாக்குகள் இல்லை என்று ஒரு எச்சரிக்கை வந்தது. எப்போதும் வருகிற ஏதோ ஒன்று என்று நினைத்து உள்ளே போனேன். தோட்டம் இல்லை. அந்த மாடைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். புல் மட்டும் இருந்தது. மாற்றக் குறிப்பில் நீண்ட பட்டியலின் நடுவில் ஒரு வரியாக அது எழுதப்பட்டிருந்தது என்பதை அப்புறம்தான் பார்த்தேன். பழைய பிரதி என்னிடம் இல்லை.

ஒரு மாடை எடுப்பதற்கு உங்களுக்கு நல்ல காரணம் இருக்கும். அது மற்றொன்றோடு மோதியிருக்கும், ஆட்டம் சரிந்திருக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் உலகங்களில் மக்கள் குடியிருக்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டுமென்றால் அதைக் குறிப்பின் முதல் வரியில் போடுங்கள், "உலகத்தைப் பிரதி எடுத்துவிட்டுத் திறக்கவும்" என்று பெரிய எழுத்தில் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த பெரிய பதிப்பு வரைக்கும் தள்ளிவையுங்கள். புதிதாகச் சேர்ப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஒரு முறை உருவான சங்க் மறுபடி உருவாகாது. நடுவில் ஒரு பயோம் மாடைச் சேர்த்தால், நாங்கள் ஏற்கெனவே நடந்த நிலத்தில் அதன் சுவடே இருக்காது, எல்லையில் மட்டும் கத்தியால் வெட்டியது போல ஒரு சுவர் எழும். அதிகம் நடந்தவர்களுக்குத்தான் அதிக இழப்பு. புதிய பொருளைத் தேட இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதையாவது சொல்லிவிடுங்கள்.

நன்றி சொல்லவும் ஒன்று இருக்கிறது. லூட்ர் மாடைச் சேர்த்த ஒவ்வொருவருக்கும். நண்பர்களோடு சர்வரில் ஆடும்போது நான் எப்போதுமே மெதுவாக வருபவன். முன்பெல்லாம் கோட்டைக்குள் நுழைந்தால் எல்லாப் பெட்டிகளும் காலி. இப்போது ஒரே பெட்டி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திறக்கிறது. ஓடவேண்டியதில்லை, சுவரில் என்ன செதுக்கியிருக்கிறது என்று நின்று பார்க்கலாம். இத்தனை சிறிய மாற்றம் ஒரு குழு நடக்கும் வேகத்தையே மாற்றிவிட்டது.

உங்கள் வேலையின் கடினம் புரியாமல் இதையெல்லாம் எழுதவில்லை. ஒரு முறை எனக்காக 40 மாட்களை மட்டும் சேர்த்துத் தொகுத்துப் பார்த்தேன். இரண்டு மாட்கள் ஒரே தாதுவை இரண்டு பெயரில் கொண்டுவந்தன, ஒன்று மற்றொன்றின் செய்முறையை மறைத்தது, எந்தக் கான்ஃபிக்கில் எந்த வரி என்று தேடியே ஒரு வாரம் போனது. நீங்கள் 300 மாட்களை நிற்கவைக்கிறீர்கள், பெரும்பாலும் காசில்லாமல், வேலை முடிந்து வந்த இரவுகளில். உங்களால்தான் எனக்கு அந்த சில்வர்வுட் மரமும் மலை உச்சி மண்டபமும் கிடைத்தன.

அடுத்த தொகுப்பை வெளியிடும் முன் ஒன்று செய்து பாருங்கள். கிரியேட்டிவ் மோடில் பறந்து சோதிப்பதோடு, ஒரு புதிய உலகத்தில், வெறும் கையோடு, மினிமேப்பை அணைத்துவிட்டு, ஒரே திசையில் 3 மைன்கிராஃப்ட் நாள் நடங்கள். ஒரு நாளுக்கு 20 நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரம். எங்கே நின்றீர்கள், எங்கே திரும்பிப் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொண்டு, அப்புறம் கான்ஃபிக்கைத் திறங்கள்.

அன்புடன்,
உங்கள் உலகங்களில் இன்னமும் நடந்துகொண்டிருக்கும் ஒருவன்