பி.பி.ஸ்ரீநிவாஸ் ரசிகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் 10 நடந்தன. மழையால் தள்ளிப்போன இரண்டு அப்படியே நின்றுவிட்டன. ஜூலைக் கூட்டத்தில், கன்னட நடிகர் ராஜ்குமாருக்குப் பின்னணிப் பாடகர் பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடிய பாடல்களைப் பற்றி ஓர் உறுப்பினர் பேசினார். ஏப்ரல் 14 நினைவு நாளும் செப்டம்பர் 22 பிறந்தநாளும் வழக்கம்போல் நடந்தன. பிறந்தநாளன்று மைக் கோளாறு செய்தது உண்மைதான்; அடுத்த முறைக்கு வேறு ஆளிடம் பேசியாகிவிட்டது.

நினைவுப் பதிவு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சென்ற பொதுக்குழுவில் இதை முன்மொழிந்தவன் நான். "பாட்டெல்லாம் யூடியூபில் இருக்கிறதே, இது எதற்கு?" என்று அன்றே சிலர் கேட்டார்கள். பாட்டு இருக்கிறது, சரி. 1961-இல் 'காலங்களில் அவள் வசந்தம்' வந்தபோது அதை யார் வீட்டுத் திண்ணையில் கேட்டோம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது எதில் இருக்கிறது? அன்று 15 வயதுப் பையனாக இருந்தவர் இன்று 80-ஐத் தொடுகிறார். இலங்கை வானொலியில் அந்தக் குரலுக்காகக் காத்திருந்து பள்ளிக்குப் பிந்திப் போனவர்கள் நம் மன்றத்திலேயே உண்டு. அதை அவரவர் வாயால் கேட்டுப் பதிந்து வைக்கத்தான் இவ்வளவு அலைந்தேன்.

11 பேரிடம் பதிவு முடிந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர், தன் அம்மாவின் பழைய புடவைத் துணியில் சுற்றி ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். 'மயக்கமா கலக்கமா'. சரணத்தில் ஓர் இடத்தில் ஊசி துள்ளுகிறது. கணினியில் ஏற்றும்போது சரிசெய்துவிடலாமே என்றேன். "வேண்டாம் தம்பி, எங்க வீட்ல இந்தப் பாட்டு இப்படித்தான்" என்றார். அப்படியே விட்டேன். ஊருக்கே திரும்பிவிட இருந்த கவிஞர் வாலி, பி.பி.எஸ். பாடிக்காட்டிய இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் சென்னையில் தங்கினார் என்பது நமக்குத் தெரியும். நம் உறுப்பினரும் வேலை போன ஒரு வருடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். சொல்லி முடிக்கும்வரை அவர் விரல் தட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

இன்னொருவர், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில் பி.பி.எஸ்.ஸைப் பார்த்தவர். சட்டைப் பை நிறையப் பேனாக்களோடு எழுதிக்கொண்டிருந்தவரைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல், இரண்டு மேசை தள்ளி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டாராம்.

மற்றவர்கள் "அடுத்த வாரம்" என்றே ஆண்டை ஓட்டிவிட்டார்கள். நம் நிறுவன உறுப்பினர் ஒருவரிடம் மூன்று முறை நாள் குறித்தோம். துணைக்கு வருவதாகச் சொன்னவர்கள் மூன்று முறையும் வரவில்லை. ஆடி மாதம் அவர் காலமானார். ஜெமினி கணேசன் முகத்துக்கு அந்தக் குரல் எப்படி அவ்வளவு பொருந்தியது என்று மணிக்கணக்காகப் பேசுவார். இப்போது நம்மிடம் இருப்பது வருகைப் பதிவேட்டில் அவர் போட்ட கையெழுத்துகள் மட்டும். நான் தனியாகவாவது போயிருக்க வேண்டும்.

சந்தா பாதிப் பேரிடம் பாக்கி. நிகழ்ச்சிக்கு முன்வரிசையில் இடம் பிடிக்கச் சொல்பவர்களும் அதில் உண்டு என்பதுதான் வருத்தம். கூட்ட அறைக்கு வாடகை தராமல் இருக்க முடியாது. மற்றபடி வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிட்டன. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. பதிவுக் கருவி மன்றப் பணத்தில் வாங்கியதா என்று கேட்டார்கள். அது என் சொந்தப் பணம்.

தலைவர், பொருளாளர், கூட்டத்துக்குக் கூட்டம் நாற்காலி எடுத்துப்போட்ட இளைஞர்கள், பாடிய உறுப்பினர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் வேறு யார் வந்தாலும் மகிழ்ச்சியே. பதிவு வேலையை மட்டும் நான் விடுவதாக இல்லை. கூட வர இருவர் போதும். ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் எந்த வீட்டுக்கும் வருகிறேன்; பழைய தட்டு இருந்தால் துடைக்காமல் எடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்