பிப்ரவரியிலேயே வந்துவிடு

ஸ்கார்பரோ, டொரான்டோ
நவம்பர், ஞாயிறு மதியம்

அன்புள்ள வசந்தி,

இங்கே குடிவரும்போது வாடகைக்கு எடுக்கலாம் என்று நீ அனுப்பிய ஐந்து வீடுகளின் படங்களையும் பார்த்தேன். இவரும் பார்த்தார். “அடுப்படி நம் கூடத்தைவிடப் பெரிதாக இருக்கிறதே” என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். ஒவ்வொரு வீட்டுக்குக் கீழேயும் பள்ளியின் மதிப்பெண்ணைச் சிவப்பு மையில் எழுதி, ஒன்று இரண்டு என்று வரிசை வேறு போட்டிருக்கிறாய். பத்தாம் வகுப்பில் ஆற்றுக்கு ஒரு நீலம், கடலுக்கு ஒரு நீலம் என்று வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிய அதே வசந்தி! உன் பட்டியலில் முதல் இடம் பிடித்திருக்கும் வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதை எடுக்காதே.

அந்தத் தெரு எனக்குத் தெரியாது. ஆனால் அதன் அக்கா தங்கை எல்லோரையும் தெரியும். 11 ஆண்டுகளுக்கு முன் நாங்கள் முதலில் குடியேறியது அப்படி ஒரு தெருவில்தான். டொரான்டோவுக்குக் கிழக்கே ஒரு புறநகரின் வடக்கு விளிம்பு. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், வாசலில் இரண்டு கார் நிற்க இடம், நட்டு ஒரு வருடம்கூட ஆகாத குச்சி மரங்கள். ஜூலையில் வந்தோம். புல் பச்சையாக இருந்தது, இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம். அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், அவள் தெரு முழுக்கக் காட்டினாள்.

டிசம்பர் வந்தது. இவர் காலை ஆறு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனால் திரும்ப இரவாகிவிடும். இருந்தது ஒரே கார், எனக்கு ஓட்டத் தெரியாது. பஸ் மணிக்கு ஒன்று. ஒரு நாள் பால் தீர்ந்துபோனது, அருணுக்கு அப்போது ஒன்றரை வயது. கடை இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நம் ஊரில் அது ஒரு தூரமா என்று நினைத்துத் தள்ளுவண்டியில் அவனை உட்கார வைத்துக் கிளம்பினேன். நடைபாதை தெருவின் ஒரு பக்கம் மட்டும்தான் உண்டு. பனி தள்ளும் லாரி ஒதுக்கிவிட்டுப் போன பனி முழங்கால் உயரத்துக்கு அதன் மேல் கிடந்தது. சக்கரம் உருளவில்லை. பின்பக்கமாகத் திரும்பி நின்று வண்டியை இழுத்துக்கொண்டே போனேன், ஏர் இழுப்பதுபோல. இங்கே பால் 4 லிட்டராக, ஒரு பெரிய பைக்குள் மூன்று சிறிய பைகளாக வரும், நம் ஆவின் பாக்கெட்டின் பெரியண்ணன் மாதிரி. திரும்பும்போது அதில் ஒன்று கைநழுவி விழுந்து உடைந்தது. பனியில் பால் கொட்டினால் தெரியவே தெரியாது, வசந்தி. கொட்டிய இடத்தைத் தேடிக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, பாலுக்காக இல்லை. அரை மணி நேரமாக அந்தத் தெருவில் ஒரு மனிதரைக்கூட நான் பார்க்கவில்லை.

அடுத்த மே மாதம் ஸ்கார்பரோவுக்கு மாறினோம். பழைய வீடு, சிறிய அடுப்படி, குளியலறைக் கதவு இன்றும் சரியாகச் சாத்தாது. ஆனால் பள்ளிக்கு ஏழு நிமிட நடை. பள்ளிக்கு எதிரே நூலகம். பஸ் நிறுத்தம் தெருமுனையில். எதிர்வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்கிறார். முதல் பனி விழுந்த அன்று என் காலைப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இந்தக் குளிருக்கு இந்தச் சப்பாத்து காணாது” என்று சொல்லி, தன் மகளின் பழைய பூட்ஸைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். நான்கு குளிர்காலம் அதையே போட்டேன்.

இப்போது உன் சிவப்பு மை விஷயத்துக்கு வருகிறேன். அந்த மதிப்பெண் பட்டியலை ஒரு தனியார் ஆய்வு நிறுவனம் போடுகிறது. ஆரம்பப் பள்ளிகளுக்கு அதன் அடிப்படை, 3-ஆம் வகுப்பிலும் 6-ஆம் வகுப்பிலும் மாகாணம் முழுவதும் நடக்கும் ஒரு தேர்வு. அவ்வளவுதான். புதிதாக நாட்டுக்கு வந்த, இன்னும் ஆங்கிலம் பிடிபடாத பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் அந்த எண் இறங்கும். பெற்றோர் இருவரும் பட்டதாரிகள், மாலையில் தனி வகுப்பு என்று இருக்கும் பகுதியில் ஏறும். பள்ளியின் தரம் அதில் கொஞ்சம் தெரியும், பெற்றோரின் வருமானம் நிறையவே தெரியும். உன் மகள் யாழினிக்குத் தேவை, வந்த முதல் ஆண்டில் அவளைத் தனியாக உட்கார வைத்து ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர். புதிதாகக் குடியேறியவர்கள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்குத்தான் அது பழக்கம். படிவம் நிரப்பவும் வழிகாட்டவும் குடியேற்ற உதவியாளர் ஒருவர் அங்கேயே வந்து உட்காருவதும் உண்டு. நீ ஐந்தாவது இடத்துக்குத் தள்ளியிருந்த வீட்டின் பகுதியில் அப்படிப் பள்ளிகள் இருக்கின்றன.

இன்னொன்று. இங்கே எந்தப் பள்ளி என்பதை உன் முகவரிதான் முடிவு செய்யும். நன்கொடையும் கிடையாது, சிபாரிசும் கிடையாது. தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்றுகூட எல்லை போகும். வீட்டுத் தரகர் சொல்வதை நம்பாதே. கல்வி வாரியத்தின் இணையதளத்தில் கதவு எண்ணோடு முகவரியைப் போட்டுப் பார். புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளுக்கு முன்னால், இந்தப் பகுதிப் பிள்ளைகள் எல்லோருக்கும் பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைக்காமல் போகலாம் என்று கல்வி வாரியமே பலகை நட்டு வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். எட்டிப் பார்த்தால் பள்ளிக்கூடம் தெரியும், பிள்ளை பஸ் ஏறி வேறு எங்கோ போகும்.

உன் சின்னவன் கவினுக்கு அடுத்த ஆண்டு டிசம்பரில் 4 வயது நிறைகிறது என்று எழுதியிருந்தாய். அப்படியானால் வருகிற செப்டம்பரிலேயே அவனைச் சேர்க்கலாம். இங்கே கணக்கு ஜூன் மாதத்தை வைத்து இல்லை. பிள்ளை எந்த ஆண்டில் 4 நிறைகிறதோ அந்த ஆண்டு செப்டம்பர். முழு நாள், கட்டணம் இல்லை. மூன்றே முக்கால் வயதில் முழு நாளா என்று நீ அலறுவது எனக்கு இங்கேயே கேட்கிறது. நானும் அலறினேன். அருண் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனான்.

உன் வீட்டுக்காரர் அண்ணனின் வேலை நகர மையத்தில் என்பதால் போக்குவரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஸ்டீல்ஸ் என்று ஒரு பெரிய சாலை டொரான்டோவுக்கும் அதன் வடக்கே மார்க்கம் என்ற ஊருக்கும் நடுவே எல்லைக்கோடாக ஓடுகிறது. முன்பெல்லாம் அதைத் தாண்டி பஸ் மாறினால் இரண்டு கட்டணம். 2024 பிப்ரவரியிலிருந்து ஒரே கட்டணம் போதும். அதனால் மார்க்கம் இப்போது முன்போல் விலக்க வேண்டிய ஊர் இல்லை. டொரான்டோ பஸ்ஸில் 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். ஆனால் “ரயில் வரப்போகிறது” என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அந்த வரியைக் கையால் மூடிக்கொண்டு மிச்சத்தைப் படி. ஸ்கார்பரோவில் 1985 முதல் ஓடிக்கொண்டிருந்த ரயில் ஒன்று 2023 ஜூலையில் கடைசிப் பெட்டி தடம் புரண்டதோடு நின்றேபோனது. அதற்குப் பதிலாகச் சுரங்க ரயிலை நீட்டும் வேலை நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. இன்று ஓடும் வண்டியை மட்டும் கணக்கில் எடு. கில்ட்வுட், ரூஜ் ஹில், அஜின்கோர்ட் போன்ற இடங்களில் நகர மையத்துக்கு நேராகப் போகும் புறநகர் ரயில் நிற்கிறது. அந்த நிலையங்களுக்கு ஒரே பஸ்ஸில் போய்ச் சேரும்படி வீடு அமைந்தால் அண்ணனுக்குக் கார் உடனே வேண்டாம். கார் காப்பீட்டுத் தொகையும் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்து ஏறி இறங்கும் என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். பிராம்ப்டனில் வாடகை குறைவு என்று போன எங்கள் சொந்தக்காரர் ஒருவர், மிச்சம் பிடித்ததையெல்லாம் காப்பீட்டுக்குக் கட்டுகிறார்.

வாடகைச் சட்டத்தில் ஒரே ஒரு தேதியை மனப்பாடம் செய்துகொள். 2018 நவம்பர் 15. அதற்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீடாக இருந்தால் வாடகையை உயர்த்துவதற்கு வரம்பு கிடையாது. அதற்கு முந்தைய வீடு என்றால் மாகாண அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் சதவீதத்துக்கு மேல் சாதாரணமாக ஏற்ற முடியாது, 2025-க்கு அது 2.5. பளபளப்பான புது வீட்டில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, தோழிகள் சேர்ந்த பிறகு, அடுத்த ஆண்டு முந்நூறு நானூறு டாலர் ஏற்றினால் என்ன செய்வாய்? கேட்டால் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். நம் ஊரைப்போலப் பத்து மாத அட்வான்ஸ் இங்கே இல்லை. கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டியே வாங்கலாம், அதற்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனாலும் கடன் வரலாறு இல்லாத புதியவர்கள் என்று தெரிந்தால் ஆறு மாதம் கொடு என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதே.

தரைக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ட் வீடு வேண்டவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இருட்டு, மூச்சு முட்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மை. டிசம்பரில் மாலை நாலே முக்காலுக்கே சூரியன் அடைந்துவிடும், அப்போது மேல்வீடும் இருட்டுதான். ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் இருக்கிறதா, தனி வாசல் உண்டா, சூட்டுக் கட்டுப்பாடு யார் கையில் என்று மூன்றையும் பார். குளிர்காலத்தில் வீட்டுக்குள் 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது டொரான்டோவில் சட்டம். திருச்சியில் வீடு பார்க்கப் போனால் “காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா?” என்றுதானே முதலில் கேட்போம்? இங்கே அந்த இடத்தில் சூடு.

அடுத்தது உன் கடிதத்தில் என்னைச் சிரிக்க வைத்த வரி. “தமிழர்கள் அதிகம் இல்லாத இடமாகப் பார், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வர வேண்டும்.” வசந்தி, ஆங்கிலம் வந்துவிடும். ஒரே வருடத்தில், நீ வேண்டாம் என்றாலும் வரும். இரண்டாவது வருடம் யாழினி உன் உச்சரிப்பைத் திருத்துவாள். போவது தமிழ்தான். அருணுக்கு வயது 12, கல்வி வாரியம் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறான், ஆனாலும் ‘மழை’ என்பதை ‘மலை’ என்றுதான் சொல்கிறான். என் அம்மா தொலைபேசியில் “என்னடா, மலை பெய்கிறதா?” என்று கேட்டுச் சிரிக்கிறாள்.

உன் மாமனாரையும் நினைத்துப் பார். பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரு முறை வந்தால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். காலையில் சீரங்கம் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, டீக்கடையில் இரண்டு பேப்பர் படித்துவிட்டு வரும் மனிதரை, உன் முதல் இடத்து வீட்டின் பெரிய கூடத்தில் உட்கார வைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் அவர் யாரைப் பார்ப்பார்? இங்கே எங்கள் பக்கத்தில் தமிழ்க் கடை வாசலில் இலவசத் தமிழ்ப் பத்திரிகைகள் அடுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே கொத்துரொட்டி சத்தம், ரோல்ஸ் வாசனை. அங்கே நிற்கும் பெரியவர்கள் ஊர் கேட்பார்கள், நீங்கள் வன்னியா, திருச்சியா என்று. அவருக்கு அது போதும், மறுநாளும் கிளம்பிவிடுவார். ஸ்கார்பரோ என்றால் தொலைக்காட்சியில் துப்பாக்கிச் சூடு என்று உன் மைத்துனர் பயமுறுத்தினாராமே. நகரக் காவல் துறை பகுதி வாரியாகக் குற்றக் கணக்கை இணையத்தில் வரைபடமாகவே போட்டிருக்கிறது. அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்த மறுநாள் நீ இட்லியும் பருப்புத் துவையலும் கொண்டுபோனாய் என்று அம்மா மூன்று முறை சொல்லிவிட்டாள். என்னால் வர முடியாத இடத்தில் நீ நின்றாய். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நம் கணக்கு டீச்சர் காலமான செய்தியும் அம்மா வழியாகத்தான் தெரிந்தது. அன்று இரவு வாய்ப்பாட்டைப் பதினாறு வரைக்கும் சொல்லிப் பார்த்தேன், பதினாறில் இன்றும் தடுமாற்றம்தான்.

எல்லோரும் கோடையில் போ என்கிறார்கள், டிக்கெட்டைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கிறாய். தள்ளாதே. பிப்ரவரியிலேயே வா. ஜூலையில் இந்த நாட்டில் எல்லாத் தெருவும் அழகு, நான் ஏமாந்தது அதில்தான். பிப்ரவரியில் எந்த நடைபாதையில் பனி அள்ளியிருக்கிறது, எந்த நிறுத்தத்தில் பஸ் நேரத்துக்கு வருகிறது, எந்தத் தெருவில் காலை எட்டரைக்குப் பிள்ளைகள் கும்பலாக நடந்து போகிறார்கள் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். அங்கிருந்தபடி எதிலும் கையெழுத்துப் போடாதே. எங்கள் பேஸ்மென்டில் ஒரு மாதம் இருங்கள். ஆமாம், பேஸ்மென்ட்தான், ஜன்னல் உண்டு! வீடு பார்க்கக் காரில் போகப்போவதில்லை. யாழினியை ஒரு கையிலும் கவினை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து கடை என்று நாம் நடந்து பார்க்கிறோம். கவின் எந்த இடத்தில் தூக்கச் சொல்லி அழுகிறானோ, அதற்கு மேல் அந்த வீடு வேண்டாம்.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வை, பள்ளியில் கேட்பார்கள். சுண்டைக்காய் வற்றல் கால் கிலோ எனக்கு. திருச்சியில் குளிர் கோட்டு வாங்கிப் பணத்தை வீணாக்காதே, அங்கே விற்பது கொடைக்கானலுக்குத்தான் ஆகும். பூட்ஸும் வேண்டாம், இங்கே நான் வாங்கி வைக்கிறேன். பிள்ளைகள் இருவரையும் ஒரு வெள்ளைத்தாளில் நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. கம்பளிக் காலுறை போட்ட பிறகு வரைய வேண்டும், மறந்துவிடாதே.

உன்
சுமதி